வியாழனின் நிலவில் ரஞ்சன்குடிக் கோட்டை

நாளை காலையிலிருந்து பலூன் உங்கள் இருவருடையது. மைக் தங்கச்சிக்கு, லேப்டாப் தம்பிக்கு. நான் இருபத்தாறு வயதில் ரிடையர் ஆகிறேன். எந்த ஆபீசிலும் இவ்வளவு சீக்கிரம் ஓய்வு கொடுக்க மாட்டார்கள். மாலை, மோதிரம், குரூப் போட்டோ எதுவும் இல்லை. ஓனர் வேன் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். விழா முடிந்தது.

போவதற்கு முன்னால் புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போ என்றார். புளோயரை எங்கே மாட்டுவது, ஜிப்பை எப்படி இழுப்பது, லென்ஸை எந்தத் துணியால் துடைப்பது என்பதெல்லாம் இரண்டு நாளில் உங்களுக்கே கை வந்துவிடும். அதற்கு நான் எதற்கு? எல்லாம் ஒழுங்காக ஓடும்போது நம்மை யாரும் தேடுவதில்லை. ஓட வேண்டியது நிற்கும்போதும், ஓடக் கூடாதது ஓடும்போதும் என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழில்.

நம் ஓனர் பெரம்பலூரில் பந்தலும் ரேடியோ செட்டும் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம் இல்லாத மாதங்களில் வேன் சும்மா நிற்கிறதே என்ற வயிற்றெரிச்சலில் எங்கோ பழசாக வந்த, நாம் பலூன் என்கிற இந்த வானியல் கூடாரத்தை வாங்கிப் போட்டார். கறுப்புத் துணி. புளோயர் காற்றை ஊத ஊத, ஒரு வகுப்பறை அளவுக்கு உப்பி நிற்கும். பிள்ளைகள் உள்ளே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கோள்கள். அவருக்கு இது இன்னொரு பந்தல். சனிக்கிழமை வளைகாப்பு, திங்கட்கிழமை சனிக்கோள்.

நான் பிளஸ் டூவில் இயற்பியலிடம் தோற்றவன். மறுபடி எழுதி மறுபடியும் தோற்றேன். அப்புறம் அதே இயற்பியலை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பிள்ளைகளிடம் "சார்" என்று பேர் வாங்கினேன். பழி வாங்குவதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

தங்கச்சி, உனக்கு முன்னால் மைக் பிடித்தவளைப் பற்றி ஓனர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். வரதராசன்பேட்டைப் பெண். இயற்பியல் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தவள். நான் "டீச்சரம்மா" என்று கிண்டலாகக் கூப்பிடுவேன், அவள் கிண்டல் இல்லாமல் "அண்ணா" என்பாள். அவள் முன்னால் நின்று பேசுவாள், நான் பின்னால் லேப்டாப்பில். நடுவே இருட்டும் பிள்ளைகளும். அதனால் அவள் கையில் ஒரு சின்ன டார்ச். ஒரு தடவை மின்னினால் அடுத்த படம். இரண்டு தடவை மின்னினால் அப்படியே நிறுத்து. எனக்கு அவள் போட்ட உத்தரவுகள் இந்த இரண்டு மட்டும்தான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். பாதிக் காட்சியில் கரண்ட் போனது. புளோயர் நின்றால் பலூன் என்ன ஆகும்? துணி மெல்ல இறங்க ஆரம்பித்தது. உள்ளே கும்மிருட்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"பூமி சுத்துறத நிறுத்திடுச்சு பசங்களா! வானம் இடிஞ்சு வுழுவுது!" என்று கத்தினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரே அலறல். நாலைந்து பேர் எழுந்து ஜிப் பக்கம் ஓட, கீழே இருந்தவன் கையை எவனோ மிதித்தான்.

இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது. மைக் இல்லை, கத்தவும் இல்லை. "கரண்டு போயிடுச்சு. அதனால காத்து நின்னுடுச்சு. மேலேருந்து வர்றது வெறும் துணி, வெயிட்டு இல்ல. எல்லாரும் உக்காந்து கைய மேல தூக்குங்க. துணி வந்து தொட்டுச்சுன்னா தொட்டுச்சுன்னு சொல்லுங்க."

அத்தனை கைகளும் மேலே போயின. "தொட்டுச்சு டீச்சர்", "எனக்கும் தொட்டுச்சு" என்று மூலைக்கு மூலை குரல். ஒருவரும் ஓடவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து போய் ஜிப்பைத் திறந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் நன்றாகத் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். "பயந்துபோன புள்ளைக்கு நெசத்தச் சொல்லணும்ணா. சிரிக்க வைக்கிறது அப்பறம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். என்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை.

இனி அயோ. வியாழனைச் சுற்றும் பெரிய நிலவுகள் நாலில் வியாழனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. நம் காட்சிகளிலேயே பிள்ளைகள் வாயைப் பிளக்கும் இடம் அதுதான். சூரியக் குடும்பத்தில் இவ்வளவு எரிமலை வேறெங்கும் கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று கந்தகம் படிந்து, கல்யாண வீட்டில் கேசரி கொட்டிய தட்டு மாதிரி இருக்கும்.

அவ்வளவு குளிரான இடத்தில் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், டீச்சரம்மா ஒரு கட்டுக்கம்பியை எடுத்துப் பிள்ளையிடம் கொடுப்பாள். "ஒரே எடத்துல இப்புடியும் அப்புடியும் வேகமா வளை. இப்பத் தொட்டுப் பாரு." தொட்ட பிள்ளை விரலை உதறும். "வியாழன் ஒரு பக்கம் இழுக்குது. கூடப் பொறந்த நெலவுங்க இன்னொரு பக்கம் இழுக்குது. நடுவுல அயோ இந்தக் கம்பி மாதிரி கெடந்து வளையுது. உள்ள சூடாவாம என்ன பண்ணும்?" எனக்கு இதை யாராவது பிளஸ் டூவில் சொல்லியிருந்தால் நான் இன்று உங்களுக்கு லேப்டாப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் போகிற பள்ளிக்கூடமெல்லாம் ஒரு கேள்வி வரும். "மலை எங்க?" எரிமலை என்கிறீர்கள், படத்தில் மலையே காணோமே. பாடப்புத்தகத்தில் கூம்பு மாதிரி மலை, உச்சியில் நெருப்பு. இங்கே தட்டையான தரையில் ஒரு பெரிய குழி, உள்ளே கறுப்பாக ஏரி, ஏரியின் ஓரத்தில் மட்டும் செக்கச் சிவப்பாகக் கோடு.

அவள் சொல்வாள்: "அங்க எரிமலைல நெறயா குழிதான். மலை உண்டு, இமயமலைய வுட ஒசரமாவே உண்டு. ஆனா அதுல பெரும்பாலும் நெருப்பு வராது. நெருப்பெல்லாம் குழியில. உள்ள இருந்த கொழம்பு வெளிய போனதும் மேல இருந்த தரை பொத்துன்னு எறங்கி இப்புடி ஆயிடுது. ஓரம் செங்குத்தா நிக்கும். அதுவும் இடிஞ்சி இடிஞ்சி உள்ள வுழும். பெரிய குழி ஒண்ணு இருக்கு. பெரம்பலூர்ல ஒரு கரைன்னா, அந்தக் கரை மதுரைக்கிட்ட."

அரியலூர்ப் பக்கம் இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் குழி இருக்கிறது. மலையில்லாமல் தரை திடீரென்று முடிந்து செங்குத்தாக இறங்குவது எப்படி இருக்கும் என்று எங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "குவாரிக் குழி மாதிரி, லாவா ஊத்துன குவாரிக் குழி" என்பாள். புரிந்துவிடும்.

அங்கேதான் வினை வந்தது. ஓனர் புது வேன் வாங்க ஸ்பான்சர் தேடினார். கிடைத்தவர் ஒரு குவாரிக்காரர். பேர் வேண்டாம், நமக்கு எதற்கு? காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாராம். அன்றைக்கே ஓனர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அயோவுல அந்தக் குழி குழின்னு சொல்றியே, அது இனிமே வேணாம்."

"அங்க இருக்கறது குழிதான் சார்."

"இருக்கட்டும்மா. அவரு குழி வெட்டுறவரு. அவரு முன்னாடி குழிய நெருப்பா காட்டுனா என்னா நெனப்பாரு? மலைன்னு சொல்லு. புள்ளைங்களும் மலைதான கேக்குது? ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

"ஓனரே, குழிய மலைன்னா வியாழன் கோச்சுக்கும்" என்றேன் நான்.

"நீ வாய மூடு. படத்தையே மாத்தியாச்சு."

மாற்றியது அவர் மச்சினன் மகன். கல்யாண பிளெக்ஸ் டிசைன் செய்கிறவன். அவனுக்கு ஒரு மலைப் படம் தேவைப்பட்டது. எதற்கு அலைவானேன் என்று தன் போனிலேயே தேடி, நண்பர்களோடு பக்கத்துக் குன்றின் மேலிருக்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனபோது எடுத்ததை வெட்டி அயோவின் தலையில் ஒட்டிவிட்டான். நண்பர்களை அழித்தவன் கோட்டை மதிலை அழிக்க மறந்துவிட்டான். உச்சியில் நெருப்பு வேண்டுமே? ஏதோ பிரியாணிக் கடைக்குப் போட்ட பிளெக்ஸிலிருந்து அடுப்பு நெருப்பை எடுத்து வைத்தான். கஷ்டப்பட்டு வேலை செய்திருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. வியாழனின் நிலவில், கந்தக மஞ்சளுக்கு நடுவே, ரஞ்சன்குடிக் கோட்டை பிரியாணி நெருப்பில் எரிந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "அண்ணா, பழைய படத்த அழிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அழிக்கச் சொன்னாரு."

"அழிச்சீங்களா?"

"எனக்குச் சொல்றது எதுவும் காதுல ஏறாதுன்னு உனக்குத் தெரியாதா?"

காட்சி வைத்தது குவாரிக்காரரின் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். பலூனுக்குள் நாற்காலி போடக் கூடாது என்பது நம் விதி. அன்று போட்டோம். பிள்ளைகள் தரையில், அவர் நாற்காலியில், ஓனர் என் தோளோடு தோளாக. போகும் முன்பு டீச்சரம்மாவிடம் ஓனர் மறுபடி சொன்னார். "குழிங்கிற வார்த்தை ஒன் வாயிலேருந்து வரக்கூடாது. வந்துச்சு, நாளைலேருந்து நீ வர வேணாம்." அவளுடைய அப்பா அப்போது வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

சூரியன் போனது, பூமி போனது, வியாழன் வந்தது. டார்ச் ஒரு தடவை மின்னியது. நான் அயோவைப் போட்டேன். கோட்டை எரிந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்தே விட்டது. "டீச்சர்! அது ரஞ்சன்குடி! எங்க அம்மாயி வூட்டு ஊரு! நெருப்பு புடிச்சிருக்கு டீச்சர், எங்க அம்மாயி அங்கதான் இருக்கு!"

கூடாரமே சிரித்தது. அது சிரிக்கவில்லை. குரல் உடைந்து அழுகையாகப் போய்க்கொண்டிருந்தது.

தம்பி, கவனி. அந்த இடத்தில் அடுத்த படத்துக்குத் தாவியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஓனர் என் காதில் "போ, போ, சனிக்குப் போ" என்று ஊதிக்கொண்டிருந்தார். டார்ச் இரண்டு தடவை மின்னியது. நிறுத்து.

நிறுத்தினேன்.

"ஆமா பாப்பா, அது ரஞ்சன்குடிதான்" என்றாள். அதே குரல், கரண்ட் போன அன்று கேட்ட குரல். "ஒங்க அம்மாயிக்கு ஒண்ணும் இல்ல. அங்க எரிமலையே கெடயாது. இந்தப் படம் தப்பு. தப்பா ஒட்டிட்டோம். அண்ணா, சரியான படத்தப் போடுங்க."

"போடாத!" ஓனர் என் கையைப் பிடித்தார்.

"ஹேங் ஆயிடுச்சு ஓனரே."

"ஆஃப் பண்ணு!"

"அமுக்குறேன், கேக்க மாட்டேங்குது. அதுவா ஓடுது பாருங்க." ஒரு கையை அவர் பிடித்திருந்தார். இன்னொரு கையால் பழைய படத்தைத் திறந்தேன். மெஷினை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது தம்பி. அது எப்போது ஹேங் ஆக வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

கூரையில் குழி வந்தது. கறுப்பு ஏரி, சிவப்பு ஓரம்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். "இது எத மாதிரி இருக்கு?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

"குழி!" அத்தனை பேரும். "எங்க ஊரு குவாரிக் குழி!"

அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. இருட்டில் பிள்ளைகளுக்கு நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதே. "எங்க ஆடு அதுல வுழுந்துடுச்சு டீச்சர்." "மழ பேஞ்சா ஓரம் பேந்துக்கிட்டு வருது." "எங்க அண்ணன் வுழுந்து கால் ஒடிஞ்சி கெடக்குறான்." "வேலி இல்ல டீச்சர்."

ஒரு பையன் கேட்டான்: "அயோவுல குழிய யாரு வெட்டுனா?"

"யாரும் வெட்டல. அதுவா எறங்குனது."

"அப்ப அங்க யாரு வேலி போடுவா?"

"அங்க மனுசங்க இல்ல. வேலி வேணாம்."

"எங்க ஊர்ல?"

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. சமாளிக்க ஆயிரம் பதில் இருக்கிறது. "அத அப்பறம் பேசலாம்" என்று சொல்லியிருக்கலாம். "பெரியவங்களக் கேளு" என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

"வெட்டுனவங்க போடணும்" என்றாள். "போடுற வரைக்கும் நீங்க ஓரத்துக்குப் போவக்கூடாது. அயோவுல மாதிரியேதான், ஓரம் நம்பள சொமக்காது."

டார்ச் ஒரு தடவை மின்னியது. சனிக்குப் போனேன்.

வெளியே வந்த குவாரிக்காரர் சிரித்த முகமாக இருந்தார். பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அந்த ரஞ்சன்குடிப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். ஓனரிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்லா பண்றீங்க. அந்தக் கோட்டை ஐடியா அருமை, நம்ம ஊரு பெருமைய காட்டுது. அதையே வச்சுக்கங்க. அந்தப் பொண்ணுதான் கொஞ்சம் பேசுது."

கொஞ்சம் பேசுது. அதில் தீர்ப்பு முடிந்துவிட்டது. பெரம்பலூர் வருவதற்குள் வேனிலேயே ஓனர் சொல்லிவிட்டார், நாளைக்கு வர வேணாம் என்று. நான் சண்டைக்குப் போனேன். "அவ அந்த வார்த்தையச் சொல்லவே இல்லியே ஓனரே, புள்ளைங்கதான சொல்லுச்சு?" அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அந்தப் படத்தயாவது மாத்திடுங்க சார்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டாள். டார்ச்சை என் சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

புது வேன் வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் வியாழன், அதை விடப் பெரிதாகக் கை கூப்பிய குவாரிக்காரர். இன்றுவரை இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளும் அயோவில் ரஞ்சன்குடி எரிவதைப் பார்க்கிறார்கள். ஓனர் கூட வராத நாட்களில் நான் பழைய படத்தைப் போட்டேன். யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதுதான் என் ரிடையர்மென்ட்.

டீச்சரம்மா இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பக்கம் நிற்கிறாள். போன மாதம் போய் வம்பு இழுத்தேன். "அயோ கலர்ல ஒரு சேலை எடுத்துப் போடுங்க டீச்சரம்மா." ஒரு மஞ்சளை உதறி விரித்தாள், சிவப்புக் கரை. "கேசரி கொட்டுன தட்டுதான?" என்று சிரித்தாள். அப்புறம் மடித்துக்கொண்டே கேட்டாள்: "படத்த மாத்துனாங்களாண்ணா?"

"இல்ல."

மடித்த சேலையை அடுக்கில் திருப்பி வைத்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். சேலை வாங்க எனக்கு வக்கில்லை. வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பலூன் பறக்காமல் இருக்க வைக்கும் மணல் மூட்டைகளில் சில அந்தக் குவாரி ஊர்ப் பள்ளியிலேயே கிடந்தன. போகும் முன்பு அவற்றையும் கொண்டுவந்து ஒப்படை என்றார் ஓனர். இந்த வாரம் போனேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ரஞ்சன்குடி அம்மாயியின் பேத்தி என்னை அடையாளம் கண்டுபிடித்தது. "ஹேங் அண்ணா" என்றது. எனக்கு அங்கே அதுதான் பேர். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

ஒரு கூட்டமே என்னை இழுத்துக்கொண்டு போனது. குழி அப்படியே இருந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர். கம்பி வேலி இல்லை, போர்டு இல்லை. ஆனால் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, இந்தப் பக்கக் கரை நெடுகக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள் எட்டாத இடங்களில் வெள்ளைக் கற்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சின்னச் சின்னக் கை தூக்கக்கூடிய கற்கள்.

"யாரு போட்டது?"

"நாங்கதான். இதத் தாண்டக் கூடாது. அந்தாண்ட லாவா."

என் வாய் சும்மா இருக்குமா? "லாவாவா? தண்ணி கெடக்கு, நல்லா தூண்டில் போடலாம் போலருக்கு" என்று ஒரு காலைத் தூக்கிக் கல்லைத் தாண்டப் போனேன்.

அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தது. முகத்தில் விளையாட்டே இல்லை.

"டீச்சர் சொன்னாங்கல்ல? ஓரம் சொமக்காது. இந்தாண்ட வாங்க."

வந்தேன். நாளைக்குக் கூரையில் கோட்டை எரியும்போது எங்காவது ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்கும். பழைய படம் இன்னும் லேப்டாப்பில்தான் இருக்கிறது. லேப்டாப் தம்பி கையில், டீச்சரம்மாவின் டார்ச் தங்கச்சி கையில்.